மௌனம் ஒரு நிபந்தனை

ஒரு நடிகையைப் பற்றி விமர்சனம் எழுதுவது நம் வட்டத்தில் பழக்கமில்லாத காரியம். சினிமா என்றால் நாம் டைரக்டரைப் பற்றி எழுதுகிறோம். ஓஸு, மிஸோகுச்சி, குரோசாவா என்று பெயர்களை அடுக்குகிறோம். நடிகையை வாரப் பத்திரிகையின் நடுப்பக்கத்துக்கு விட்டுவிட்டோம். டைரக்டர் எழுதுகிற வாக்கியத்தில் நடிகையின் முகம் ஒரு சொல், அவ்வளவுதான் என்கிற எண்ணம் நமக்குள் எங்கோ ஆழத்தில் கிடக்கிறது. இந்த எண்ணத்தைச் சோதித்துப் பார்க்க மெய்கோ காஜி நல்ல உதாரணம். சங்கடமான உதாரணமும்கூட.

சங்கடம் எதனால் என்றால், காஜியின் பெயர் நிற்பது நாம் மதிக்கிற படங்களில் அல்ல. பெண்கள் சிறைக்குள் சித்திரவதைப்படுவதையும், துணி உரிக்கப்படுவதையும், பிறகு பழி வாங்குவதையும் காட்டிக் காசு பார்த்த மலிவுச் சரக்குப் படங்களில். ஆங்கிலத்தில் எக்ஸ்ப்ளாய்டேஷன் படங்கள் என்பார்கள். எதைச் சுரண்டுகிறோம் என்பதை மறைக்காத பெயர். குறைந்த செலவு, குறைந்த நாட்கள், உத்தரவாதமான கூட்டம். இந்தத் தொழிற்சாலைக்குள் சம்பளத்துக்கு வேலை செய்த ஒரு நடிகை, அந்தத் தொழிற்சாலை எதிர்பாராத ஒன்றைச் செய்துகாட்டினார் என்பது என் கட்சி. அது என்ன, அதற்கு என்ன மதிப்பு, எதுவரை மதிப்பு என்பதே இங்கு கேள்வி.

இந்தக் கேள்வி ஜப்பானியச் சினிமாவோடு முடிகிற விஷயமல்ல. கலைஞன் வியாபாரத்தோடு சமரசம் செய்துகொள்ளலாமா என்று நாம் ஓயாமல் பேசுகிறோம். செய்துகொண்டவன் விலைபோனவன், செய்துகொள்ளாதவன் சுத்தமானவன் என்று இரண்டே பெட்டிகள் வைத்திருக்கிறோம். காஜியை எந்தப் பெட்டியில் போட்டாலும் ஒரு கை வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது.

*

முதலில் தொழிற்சாலை. ஜப்பானில் சினிமா பார்த்தவர்களின் எண்ணிக்கை 1958இல் உச்சத்தைத் தொட்டது. அந்த ஒரு வருஷத்தில் 112 கோடி டிக்கெட்டுகள். அதன் பிறகு டெலிவிஷன் வந்தது. 1972க்குள் இது 20 கோடிக்கும் கீழே இறங்கிவிட்டது. குடும்பம் வீட்டில் உட்கார்ந்துவிட, தியேட்டருக்கு மிஞ்சியவர்கள் இளைஞர்களும் தனி ஆண்களும்தான். டெலிவிஷன் காட்ட முடியாததைக் காட்டு என்பது ஸ்டூடியோக்களின் பொருளாதாரமாயிற்று. காட்ட முடியாதவை இரண்டு: ரத்தம், பெண்ணின் உடல். இரண்டையும் ஒன்றாகக் கலந்தால் இன்னும் நல்லது.

மசாக்கோ ஓட்டா 1947இல் டோக்கியோவில் பிறந்தவர். 1965இல் நிக்காட்ஸு ஸ்டூடியோவில் சேர்ந்து, சொந்தப் பெயரிலேயே சிறு வேஷங்களில் நடித்தார். 1969இல் பழைய டைரக்டரான மசாஹிரோ மகினோவின் படம் ஒன்றில் நடித்தபோது அவர் வைத்த பெயர்தான் மெய்கோ காஜி. 1970 மே முதல் 1971 ஜனவரி வரை வந்த ‘தெருப்பூனை ராக்’ வரிசையின் ஐந்து படங்களில்தான் இந்தப் பெயருக்கு ஒரு முகம் கிடைத்தது. முதல் படத்தில் கதாநாயகி பாடகி அகிக்கோ வாடா. காஜி அதில் இரண்டாம் இடத்தில்தான் இருக்கிறார். வரிசை முடிவதற்குள் அவர்தான் நடு இடம்.

இந்த வரிசையில் ‘செக்ஸ் ஹண்டர்’ என்று ஒரு படம். யாசுஹாரு ஹாசெபே எடுத்தது. தலைப்பு சாக்கடை. உள்ளே இருப்பதோ, அமெரிக்க ராணுவத் தளத்தை ஒட்டிய ஊரில், கலப்பு ரத்தத்தில் பிறந்தவர்களை வேட்டையாடும் ஒரு ரௌடிக் கூட்டத்தின் கதை. தோற்றுப்போன தேசத்தின் ஆண்மை தன் அவமானத்தை யார் மேல் இறக்கிவைக்கிறது என்பதை மரியாதையான படங்கள் பலவற்றைவிட நேராகச் சொல்கிற படம். காஜி அகலமான கறுப்புத் தொப்பியோடு பெண்கள் கூட்டத்தின் தலைவியாக வருகிறார். பெரும்பாலான சமயம் சும்மா பார்த்துக்கொண்டிருக்கிறார். அந்தப் பார்வை அப்போதே இருக்கிறது. அதற்கு இன்னும் வேலை கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

1971 நவம்பரில் நிக்காட்ஸு ஒரு முடிவுக்கு வந்தது. இனி ‘ரோமன் போர்னோ’ என்ற பெயரில் படுக்கையறைப் படங்களே பிரதானம். காஜி வெளியேறினார். இது முதல் வெளியேற்றம். ஆனால் சுத்தத்தை நோக்கிப் போன வெளியேற்றமல்ல இது. அவர் போய்ச் சேர்ந்த இடம் டோயெய் ஸ்டூடியோ, அங்கும் அதே சரக்குத்தான். வேறு விகிதத்தில் கலந்திருந்தார்கள். சந்நியாசம் வாங்கிக்கொள்ளாமல் ஒரு கடையிலிருந்து இன்னொரு கடைக்குப் போனவரைப் பற்றித்தான் பேசுகிறோம் என்பதை மறந்துவிடக்கூடாது.

*

டோயெய் அவருக்குக் கொடுத்தது தோரு ஷினோஹாராவின் சித்திரக்கதை ஒன்றிலிருந்து எடுத்த வேஷம். நாமி மட்சுஷிமா என்ற பெண். போலீஸ்காரக் காதலன் அவளைப் போதைமருந்துக் கும்பலுக்குள் தூண்டில் புழுவாக அனுப்புகிறான். காரியம் முடிந்ததும் கைவிடுகிறான். அவனைக் குத்தப்போய் அவள் சிறைக்குப் போகிறாள். எண் 701. மற்றவர்கள் வைத்த பெயர் ‘தேள்’. ஷுன்யா இட்டோவுக்கு அதுதான் முதல் படம். 1972 ஆகஸ்டில் வந்தது.

மூலக் கதையின் நாமி வாய் ஓயாமல் கெட்டவார்த்தை பேசுகிறவள். திரைக்கதையும் அப்படித்தான் வந்தது. இந்த வார்த்தைகளைப் பேச மாட்டேன், பேச்சையே எடுத்துவிடுங்கள், நடிக்கிறேன் என்பது காஜி வைத்த நிபந்தனை. அவரே பின்னாட்களில் பேட்டிகளில் சொல்லியிருக்கிற விஷயம் இது. இட்டோ ஒப்புக்கொண்டார். சினிமா வரலாற்றில் பெரிதாகப் பேசப்படாத இந்த ஒப்பந்தத்திலிருந்துதான் மற்றதெல்லாம் பிறக்கிறது.

யோசித்துப் பாருங்கள். ஒரு நடிகைக்கு ஸ்டூடியோவில் என்ன அதிகாரம் இருக்கிறது? கதை அவர் கையில் இல்லை. காமிரா எங்கே நிற்கும், எந்தக் காட்சி மிஞ்சும், போஸ்டரில் எது பெரிதாக வரும் என்பது எதுவும் அவர் கையில் இல்லை. கூட்டுகிற அதிகாரம் ஒன்றுமே இல்லாதவருக்குக் கழிக்கிற அதிகாரம் மட்டும் கொஞ்சம் இருக்கிறது. இதைச் செய்ய மாட்டேன் என்று சொல்லலாம். பெரும்பாலும் அதற்கு விலை வேஷம் பறிபோவது. காஜி அந்தக் கொஞ்ச அதிகாரத்தை வேஷத்துக்கு வெளியே உபயோகித்துத் தப்பித்துக்கொள்ளவில்லை. வேஷத்துக்கு உள்ளேயே உபயோகித்தார். வசனத்தைக் கழித்தார். கழித்த இடத்தில் ஒன்றையும் வைக்கவில்லை. கண்களை மட்டும் வைத்தார்.

இதைக் கூச்சம் என்றோ கௌரவம் பார்த்தது என்றோ சொல்லி முடித்துவிடலாம். ஆரம்பக் காரணம் அதுவாகவேகூட இருக்கலாம். ஆனால் காரணம் வேறு, விளைவு வேறு. கெட்டவார்த்தை பேசும் பெண் கைதி இந்த வகைப் படத்துக்குப் புதிதல்ல. அவள் கோபம் பார்வையாளனுக்குக் கிளுகிளுப்பின் இன்னொரு மசாலா. பேசுகிறவள் கேட்கிறவனை நம்புகிறாள். கெஞ்சினாலும் திட்டினாலும் எதிரே ஒருவன் இருக்கிறான், அவன் பதிலுக்கு மதிப்பிருக்கிறது என்று ஒப்புக்கொள்கிறாள். நாமி அந்த மதிப்பைக் கொடுக்க மறுக்கிறாள். அடிக்கிறவனுக்கு வேண்டியது அலறல். அலறல்தான் அவனுக்குக் கிடைக்கும் ரசீது. அது அவனுக்குக் கிடைப்பதில்லை.

*

இந்த இடத்தில் இட்டோவின் பங்கைச் சொல்லவேண்டும். படம் ஜப்பானியக் கொடியோடும் தேசிய கீதத்தோடும் தொடங்குகிறது. சிறைச்சாலையில் பாராட்டு விழா நடக்கிறது. நடுவில் சங்கு ஊதுகிறது. கைதி தப்பிவிட்டாள். நாமி தன் கன்னிமையைக் காதலனுக்குக் கொடுக்கும் காட்சியில் வெள்ளைத் துணியில் பரவும் ரத்தம் சூரியக்கொடியாகிறது. சிறை அதிகாரி கோடாவாக வரும் ஃபுமியோ வாட்டனபே, நகிஸா ஓஷிமாவின் படங்களில் திரும்பத் திரும்ப நடித்தவர். அங்கே அரசாங்கத்தைக் கேலி செய்யப் பயன்பட்ட அதே முகம் இங்கே மலிவுப் படத்தின் வில்லன். இது தற்செயலான தேர்வு என்று நான் நம்பவில்லை. மாணவர் இயக்கம் தோற்று, 1972 பிப்ரவரியில் அசாமா மலை விடுதியில் ஐக்கிய செஞ்சேனையினர் போலீஸ் முற்றுகையில் பிடிபட்டு, அவர்கள் தங்கள் தோழர்களையே அடித்துக் கொன்றிருந்த செய்தி பின்னாலேயே வந்து நாடு உறைந்துபோன வருஷம் அது. அரசாங்கத்தையும் நம்ப முடியாது, அதை எதிர்த்தவர்களையும் நம்ப முடியாது என்கிற மனநிலைக்குத் தியேட்டரில் ஒரு முகம் தேவைப்பட்டது.

ஆனால் கொடியும் கோஷமும் இட்டோவுடையவை. அவை புத்திசாலித்தனமானவை, சில இடங்களில் அதிபுத்திசாலித்தனமானவை. நாமியைப் பலாத்காரம் செய்வதைக் கண்ணாடித் தரைக்குக் கீழேயிருந்து எடுக்கிறார். நாடக மேடைபோல் அரங்கைச் சுழலவிடுகிறார். ஒளியை மாற்றிப் பச்சையும் சிவப்பும் பூசுகிறார். ‘உருவப் பரிசோதனை’ என்று நாம் உடனே கை தட்டிவிடுவோம். கொஞ்சம் நிதானிக்கவேண்டும். கண்ணாடித் தரை பலாத்காரத்தின் கொடூரத்தைக் காட்டுகிறதா, அல்லது பார்க்கிறவனுக்கு இதுவரை கிடைக்காத ஒரு புதுக் கோணத்தை விற்கிறதா? இரண்டும்தான். படத்தின் ஆரம்பத்தில் கைதிகள் நிர்வாணமாக வரிசையில் நடத்தப்படுகிறார்கள், காவலர்கள் கீழே நின்று பார்க்கிறார்கள். டிக்கெட் வாங்கியவன் அந்தக் காவலனின் இடத்தில் உட்கார்ந்திருக்கிறான் என்று இட்டோ சொல்கிறார் எனலாம். சொல்லிக்கொண்டே காட்டிவிடவும் செய்கிறார். கண்டிக்கிற பாவனையில் பரிமாறுவது பழைய தந்திரம்.

காஜியின் முகம் இந்த இரட்டை வேஷத்தில் சேரவில்லை என்பதுதான் அதன் பலம். முதல் படத்தில் அவர் உடலும் விற்பனைக்கு வைக்கப்படுகிறது, மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் உடல் அம்பலமாகிற அதே நேரத்தில் அந்தக் கண்கள் திரும்பிப் பார்க்கின்றன. இமைப்பதில்லை. அவமானம் இல்லை, வேண்டுதல் இல்லை, கண்ணீர்கூட இல்லை. எட்டிப் பார்க்கிறவனைப் பார்க்கிற கண்கள் அவை. திருட்டுத்தனமாக ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருப்பவன், உள்ளே இருப்பவள் தன்னையே பார்த்துக்கொண்டிருப்பதை உணர்ந்தால் என்ன ஆகுமோ அது ஆகிறது. இட்டோவின் கதையிலேயே இதற்கு ஒரு ஸ்தூலமான வடிவம் இருக்கிறது. கைதி ஒருத்தி நாமியைக் குத்த ஓங்கிய கண்ணாடித் துண்டு கோடாவின் கண்ணில் பாய்கிறது. அதிகாரி அதற்கப்புறம் ஒற்றைக் கண்ணன். அடுத்த படத்தில் அவன் கறுவிக்கொண்டிருப்பது அந்தக் கண்ணுக்காகத்தான்.

*

1972 டிசம்பரில் வந்த இரண்டாம் படமான ‘41ஆம் சிறைக்கூடம்’ இந்த வரிசையின் சிகரம். நாமி நிலவறையில் கட்டிக்கிடக்கிறாள். வாயில் கவ்விய கரண்டியைக் கல்தரையில் தேய்த்துக் கூராக்குகிறாள். பேசுவதற்காக இருக்கும் உறுப்பு ஆயுதம் தீட்டும் கருவியாகிறது. ஓரிரு வார்த்தைகள் தவிரப் படம் முழுக்க அவள் பேசுவதில்லை.

அவளோடு ஆறு பெண்கள் தப்பிக்கிறார்கள். அவர்களில் ஓபா என்பவள் குழந்தையைக் கொன்றவள். அந்த வேஷத்தில் கயோக்கோ ஷிரைஷி. தடாஷி சுஸுகியின் நவீன நாடகக் குழுவில் வளர்ந்து, குரலாலும் உடலாலும் மேடையை உலுக்கியவர். மலிவுப் படத்துக்குள் இப்படியொருவரை யார் எதிர்பார்த்தார்கள்? ஷிரைஷி கர்ஜிக்கிறார், சிரிக்கிறார், முகத்தைக் கிழித்துக்கொள்வதுபோல் கோணுகிறார். தன் துக்கம் முழுவதையும் வெளியே கொட்டுகிறார். எதிரே காஜி ஒன்றும் செய்வதில்லை. இந்த ஒன்றும் செய்யாமை ஷிரைஷியின் பிரம்மாண்டத்துக்குச் சமமாக நிற்கிறது என்பதைப் பார்க்கும்போதுதான், இது நடிக்கத் தெரியாதவரின் வெறுமை அல்ல என்று விளங்குகிறது. ஒரு தராசின் இரண்டு தட்டுகள். ஒன்றில் எல்லாம் பேச்சாகிவிட்டது. இன்னொன்றில் பேச்சு எடையாகத் தங்கிவிட்டது.

நடுவில் ஒரு சுற்றுலா பஸ். அதில் வரும் நடுத்தர வயது ஆண்கள், சண்டைக் காலத்தில் சீனாவில் பெண்களைக் கெடுத்ததைப் பற்றிச் சிரித்துப் பேசிக்கொள்கிறார்கள். பிறகு தப்பியோடிய பெண்களில் ஒருத்தியைப் பிடித்துக் கெடுத்துக் கொல்கிறார்கள். மலிவுப் படமொன்று 1972இல் இதை ஒரே மூச்சில் சேர்த்துக் கட்டியது. பாத்திரங்கள் யாரும் பிரசங்கம் செய்யவில்லை. நாமி பிரசங்கம் செய்ய வாயே இல்லாதவள் என்பதால் படத்துக்கும் அந்தச் சபலம் குறைகிறது. காஜியின் நிபந்தனை டைரக்டரையும் கட்டிப்போட்டது என்கிறேன். கதாநாயகி விளக்க மாட்டாள் என்று ஆகிவிட்ட பிறகு, காட்சிதான் விளக்கவேண்டும். இட்டோவின் மிகச்சிறந்த காட்சிகள் இந்த நெருக்கடியிலிருந்து வந்தவை. அதாவது, நடிகை டைரக்டரைச் சிருஷ்டித்திருக்கிறார். ஆசிரியன் யார் என்று தீர்ப்புச் சொல்ல அவசரப்படுகிறவர்கள் இதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளவேண்டும்.

*

இனி எதிர்வாதம். அதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது.

இதே இரண்டாம் படத்தில், நாமியின் மேல் மற்றக் கைதிகளுக்கு ஏற்பட்ட பிரமிப்பை உடைக்க, அவளைக் கட்டிப்போட்டு எல்லார் முன்னாலும் காவலர்களை விட்டுக் கெடுக்கச் செய்கிறார்கள். அவள் கண்கள் அப்போதும் அப்படியே இருக்கின்றன. இதை மறுப்பின் உச்சம் என்று சொல்லலாம். இப்படியும் சொல்லலாம்: எதைச் செய்தாலும் உடையாத பெண் என்று ஒருத்தியைப் படைத்துவிட்டால், அவளை எதையும் செய்யலாம் என்று ஒரு சுதந்திரம் கிடைத்துவிடுகிறது. அவள் தாங்குவாள். அவள் தாங்குகிற அழகைப் பார்க்கத்தானே வந்திருக்கிறோம். பழி வாங்குவாள் என்ற உத்தரவாதம் முன்கூட்டியே கிடைத்துவிடுவதால், முதல் முக்கால் மணி நேரத்தைக் குற்ற உணர்வில்லாமல் ரசிக்கலாம். பழிவாங்கல் இந்த வகைப் படங்களில் நியாயம் அல்ல, பாவமன்னிப்புச் சீட்டு. பார்வையாளனுக்கான சீட்டு.

1970 அக்டோபரில் டோக்கியோவில் பெண்கள் தனியாக ஊர்வலம் போனார்கள். ஜப்பானில் பெண் விடுதலை இயக்கத்தின் தொடக்கம் அதுதான் என்கிறார்கள். தேள் படங்களை அந்த ஊர்வலத்தின் திரை வடிவமாகப் பார்க்கிற எழுத்து இப்போது பெருகிவிட்டது. எனக்கு அதில் சம்மதமில்லை. தெருவில் நடந்தவர்கள் ஒருவரோடொருவர் பேசிக்கொண்டே நடந்தார்கள். நாமி தனி ஆள். இரண்டாம் படத்தின் முடிவில் கைதி உடையில் பெண்கள் கூட்டமாக நகரத்துக்குள் ஓடும் காட்சி ஒன்றுதான் விதிவிலக்கு. அதுவும் ஒரு கனவுபோல் வந்து போகிறது. இந்தப் படங்களை ஒரு இயக்கத்தின் கணக்கில் வரவு வைப்பது இரண்டுக்குமே அநியாயம்.

நான் சொல்வது இதைவிடச் சிறியது. ஆனால் இதைவிட உறுதியானது. சுரண்டலுக்கென்றே கட்டப்பட்ட இயந்திரத்துக்குள், சுரண்டப்படும் பொருளாக நிறுத்தப்பட்ட ஒரு நடிகை, தன் பங்கிலிருந்து ஒரு பகுதியைத் தர மறுத்தார். அந்த மறுப்பு திரையில் தெரிகிறது. இயந்திரம் நிற்கவில்லை, லாபம் குறையவில்லை. ஆனால் அது ஓடுகிற சத்தம் நமக்குக் கேட்க ஆரம்பிக்கிறது. நல்ல வழவழப்பான படங்களில் அந்தச் சத்தம் கேட்பதே இல்லை.

*

மறுப்புக்கு ஆயுள் குறைவு. மூன்றாம் படம் ‘மிருகக் கொட்டில்’, 1973 ஜூலை. பாதாள ரயிலில் தன்னோடு சேர்த்து விலங்கு மாட்டும் துப்பறிவாளனின் கையை வெட்டிவிட்டு, அந்தக் கை விலங்கில் தொங்க நாமி நகரத் தெருக்களில் ஓடுவதோடு தொடங்குகிறது. மறக்க முடியாத தொடக்கம். ஆனால் அடையாளம் காணக்கூடிய தொடக்கமும்கூட. தேள் இப்படித்தான் செய்வாள் என்று கூட்டம் எதிர்பார்த்து வந்து உட்கார்ந்தாகிவிட்டது. இட்டோ எழுதி, ஷுன்சுகே கிகுச்சி இசையமைத்து, காஜியே பாடிய ‘வஞ்சப் பாட்டு’ இசைத்தட்டாகப் படங்களைத் தாண்டியும் விற்றது. பேசாதவள் பாடுகிறாள், பாட்டு விற்கிறது. ஒருவர் கொடுக்க மறுத்ததே அவருடைய முத்திரையாகி, முத்திரை சரக்காகிவிட்டது. இட்டோ விலகினார். நான்காம் படத்தை டிசம்பரில் ஹாசெபே முடித்தார். அதில் நாமிக்குத் துணைவருகிறவன் போலீஸ் சித்திரவதையில் சிதைந்த முன்னாள் மாணவப் போராளி. கடைசியில் அவனும் காட்டிக்கொடுக்கிறான். மௌனம் அங்கே பழக்கமாகிவிட்டது. முகம் முன்னே நின்று, அதன் பின்னால் இருந்தது கரைந்துகொண்டிருக்கிறது.

காஜி அதோடு நிறுத்திக்கொண்டார். இது இரண்டாம் வெளியேற்றம். முதலாவதைவிட இதுதான் பெரியது என்று நினைக்கிறேன். பிடிக்காததை விட்டுப் போவது சுலபம். தான் கண்டுபிடித்ததே தன் கைதி எண்ணாக மாறுகிறபோது அதை விட்டுப் போவது கலைஞர்களில் எத்தனை பேருக்குச் சாத்தியமாகிறது? ஒரு உத்தி பலித்துவிட்டால் அதையே பத்து வருஷம் எழுதிக்கொண்டிருப்பவர்களை நமக்கும் தெரியும். டோயெய் 1976இலும் 1977இலும் வேறு நடிகைகளை வைத்துத் தேளைத் தொடர்ந்தது. பெயரும் எண்ணும் மட்டும் போதாது என்பதை அந்தப் படங்கள் நிரூபித்தன.

அதே 1973 டிசம்பரில் தோஷியா ஃபுஜிட்டாவின் ‘ஷுராயுகிஹிமே’ வெளிவந்தது. காஸுவோ கொய்கே எழுதி, காஸுவோ கமிமுரா வரைந்த சித்திரக்கதை. தலைப்பே ஒரு சிலேடை. ‘ஷிராயுகிஹிமே’ என்றால் குழந்தைக் கதையின் வெண்பனி இளவரசி. ஒரு எழுத்தைத் திருப்பி ‘ஷுரா’ ஆக்கியிருக்கிறார்கள். ஷுரா என்பது நம் அசுரன்தான், பௌத்தத்தோடு கடல் தாண்டிப் போனவன். மெய்ஜி ஆட்சியில் கட்டாய ராணுவச் சேவையை ‘ரத்த வரி’ என்று ஜனங்கள் பயந்த காலம். அந்தப் பயத்தைக் காசாக்கிய நால்வர் ஒருவனைக் கொன்று அவன் மனைவியைக் கெடுக்கிறார்கள். அவள் சிறையில், பழிவாங்குவதற்கென்றே ஒரு குழந்தையைப் பெற்றுவிட்டுச் சாகிறாள். குழந்தையின் பெயர் யுகி, பனி. பிறக்குமுன்பே அவளுக்கு வேலை தீர்மானமாகிவிட்டது. வேறொருத்தியின் வஞ்சத்துக்கு அவள் உடல் வாடகைக்கு எடுக்கப்பட்டிருக்கிறது. ஸ்டூடியோவில் இருக்கும் நடிகையின் நிலைமைக்கு இதைவிடப் பொருத்தமான உருவகம் வேண்டுமா? காஜி இதை நாமியைப்போல நடிக்கவில்லை. நாமியின் கண்ணில் மறுப்பு இருந்தது. யுகியின் கண்ணில் களைப்பு இருக்கிறது. தனக்குச் சொந்தமில்லாத கோபத்தைச் சுமக்கிறவளின் களைப்பு.

*

அவருக்குப் பேசத் தெரியும் என்பதற்கு 1978 வரை காத்திருக்கவேண்டியிருந்தது. நடுவில் ஃபுகாசாகுவின் யாக்கூஸா படங்களில் வந்தார். 1976இல் ‘யாக்கூஸா மயானம்’ படத்தில் கொரியத் தகப்பனுக்குப் பிறந்த கெய்க்கோவாக, எந்தத் தேசமும் ஏற்றுக்கொள்ளாதவளின் கசப்பை அளவாகக் காட்டினார். பிறகு யாசுஸோ மசுமுராவின் ‘சோனெசாக்கி இரட்டைத் தற்கொலை’. சிக்கமாட்ஸு 1703இல், ஒரு நிஜச் சம்பவத்தை வைத்து எழுதிய பொம்மலாட்ட நாடகம். படத்தை வெளியிட்டது ஏடிஜி, கலைப்படங்களுக்கு இடம் கொடுத்த நிறுவனம். அங்கும் பணம் கிடையாது. மலிவு என்பது பட்ஜெட்டைப் பொறுத்த விஷயமல்ல என்பதை இங்கே குறித்துக்கொள்ளலாம்.

தாசி ஓஹாட்ஸுவாகக் காஜி பேசுகிறார். நீளநீளமாக, வேகமாக, மூச்சுவிடாமல், நேரே எதிரே பார்த்துக்கொண்டு பேசுகிறார். மசுமுரா எதார்த்தத்தைப் பற்றிக் கவலைப்படுகிறவரல்ல. பொம்மை பேசினால் எப்படியோ அப்படிப் பேசவைக்கிறார். ஆனால் நாடகத்தின் பெயர்பெற்ற கட்டத்தில் பேச்சு நின்றுவிடுகிறது. காதலன் டோகுபெய் திண்ணைக்கு அடியில் ஒளிந்திருக்கிறான். மேலே பகைவன் உட்கார்ந்து அவனை ஏசுகிறான். சாகத் துணிவாயா என்று ஓஹாட்ஸு கேட்பது தன் பாதத்தால். அவன் அந்தப் பாதத்தை எடுத்துத் தன் கழுத்தில் வைத்து இழுத்துக்கொள்கிறான். சம்மதம். ஜப்பானியப் பொம்மலாட்டத்தில் பெண் பொம்மைகளுக்கு வழக்கமாகக் கால்கள் கிடையாது. உடையின் அசைவே கால். இந்தக் காட்சிக்கென்று ஓஹாட்ஸுவுக்கு ஒரு பாதம் கொடுக்கிறார்கள். வாய் சொல்ல முடியாததைச் சொல்ல, இல்லாத உறுப்பு முளைக்கிறது. ஆறு வருஷத்துக்கு முன் சிறைத்தரையில் கரண்டியைக் கவ்விய வாயை நினைத்துக்கொண்டு இந்தக் காட்சியைப் பார்த்தால், இரண்டும் ஒரே கலைஞரின் ஒரே பிரச்னை என்று தெரிகிறது. சொல் பறிபோன இடத்தில் உடல் எதைக்கொண்டு பேசும்? பத்திரிகையுலகில் கௌரவமான ‘கினேமா ஜும்போ’ அந்த வருஷத்தின் சிறந்த நடிகை விருதை அவருக்குக் கொடுத்தது. மரியாதைக்காரர்கள் அப்போதுதான் அவரைப் பார்த்தார்கள். தேள் படங்களில் படித்த பாடத்தைத்தான் அவர் அங்கே ஒப்பித்தார் என்பதை எத்தனை பேர் கவனித்தார்களோ.

பிற்காலத்தில், 1989இலிருந்து 2016 வரை டெலிவிஷனில் வந்த ‘ஒனிஹெய்’ துப்பறியும் தொடரில், திருடர் கூட்டத்திலிருந்து மாறி வந்து உளவு சொல்லும் ஓமசாவாக வருஷக்கணக்கில் நடித்தார். சினிமாவைக் கொன்ற டெலிவிஷனே அவரைப் பெரியவர்களும் குடும்பத்தோடு பார்க்கும் முகமாக்கியது.

*

கடைசியாக இந்தக் ‘கல்ட்’ விஷயம். 2003, 2004இல் வந்த டாரண்டினோவின் ‘கில் பில்’ படங்களில் காஜியின் இரண்டு பாட்டுகளும் ஒலித்தன. ஷுராயுகியின் பனித்தோட்டம் மறுபடி கட்டப்பட்டது. உலகம் முழுவதும் காஜிக்கு ரசிகர்கள் முளைத்தார்கள். மறந்துபோனவரை மீட்டது நல்ல காரியம், குறை சொல்லவில்லை. ஆனால் டாரண்டினோ எடுத்துக்கொண்டது எது? உடை, பனி, வாள், குரல். எடுத்துக்கொள்ளாதது மௌனம். அவருடைய பாத்திரங்கள் ஓயாமல் பேசுகிறவர்கள், தங்கள் வஞ்சத்தை ரசித்து ரசித்து விளக்குகிறவர்கள். காஜி கழித்ததை அவர் மறுபடி கூட்டிவிட்டார். முகமூடி மிஞ்சியது. அதைப் போட்டுக்கொண்டிருந்தவர் எதை மறுத்தார் என்பது உதிர்ந்துவிட்டது.

மலிவுப் படங்களைக் கொண்டாடுவது இப்போது படித்தவர்களின் நாகரிகமாகிவிட்டது. ஒரு காலத்தில் கண்ணை மூடிக்கொண்டு ஒதுக்கியவர்கள் இன்று கண்ணை மூடிக்கொண்டு தழுவுகிறார்கள். கண் மூடியிருப்பது மட்டும் மாறவில்லை. ஒதுக்கியவர்களுக்குக் காஜி தெரியவில்லை, சுற்றியிருந்த குப்பை மட்டும் தெரிந்தது. தழுவுகிறவர்களுக்குக் குப்பையும் காஜியும் ஒன்றாகத் தெரிகிறது. விமர்சகனின் வேலை இந்த இரண்டுக்கும் நடுவில்தான் இருக்கிறது. ஒரு படத்துக்குள் யார் என்ன கொடுத்தார்கள், யார் எதைக் கொடுக்க மறுத்தார்கள், அந்த மறுப்புக்கு என்ன விலை, அது எந்தப் படத்தில் உயிரோடிருக்கிறது, எந்தப் படத்தில் வழக்கமாகிச் செத்தது என்று பிரித்துச் சொல்லவேண்டும். சமரசம் என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு இந்த வேலையைச் செய்ய முடியாது. காஜி சமரசம் செய்துகொண்டார். அந்தச் சமரசத்தின் ஷரத்துக்களில் ஒன்றை அவரே எழுதினார். அந்த ஷரத்தை எதிராளி லாபமாக மாற்றிக்கொண்டதும் ஒப்பந்தத்தைக் கிழித்தார். சுத்தமாக இருப்பதைவிட இது கடினமானது என்றுதான் எனக்குப் படுகிறது.